பந்தயத்துக்கு வரும் பழைய மோட்டார்

(ஒரு பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1927-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3-ஆம் தேதி, வேல்ஸ் தேசத்தின் தென்கரையிலுள்ள பெண்டைன் என்ற நீண்ட மணல்வெளியில், தரைவேக சாதனையை மால்கம் காம்பெல்லிடமிருந்து மீட்கும் பொருட்டு, ஆகாய விமானத்துக்கென்று செய்யப்பட்ட 27 லிட்டர் இஞ்சின் பூட்டிய 'பாப்ஸ்' என்னும் ராட்சத வண்டியை ஓட்டிச் சென்ற பாரி தாமஸ் என்ற பொறியியல் நிபுணர், வண்டி நிலைகுலைந்து உருண்டதனால் அங்கேயே உயிர் துறந்தார். பின்சக்கரங்களைச் சுழற்றிய சங்கிலி அறுந்து அவர் தலையில் அடித்துவிட்டது என்றே நெடுங்காலம் உலகம் நம்பியது. வண்டியை அந்த மணலிலேயே புதைத்துவிட்டார்கள். 42 ஆண்டுகளுக்குப் பிறகு, 1969-இல், ஓவன் வின் ஓவன் என்பவர் அதைத் தோண்டியெடுத்துப் பல வருஷங்கள் உழைத்து மீண்டும் ஓடச் செய்தார். அப்போது கிடைத்த பாகங்களைப் பார்த்தவர்களிடையே, சங்கிலியைக் காட்டிலும் பின்சக்கரம் ஒன்று முறிந்ததே விபத்துக்கு மூலம் என்ற அபிப்பிராயம் வலுப்பெற்றது.

இந்த வரலாற்றை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. சங்கிலிக்கு உறை போட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், சக்கரத்தில் விரிசல் உண்டா என்று பார்ப்பதும், இன்று பழைய மோட்டார்ப் பந்தயங்களில் வண்டிப் பரிசோதகர் செய்யும் காரியங்கள். பாரி தாமஸைக் கொன்றது இரண்டில் எதுவாயினும், அதைத் தேடுகிற கண்கள் பந்தய மைதானத்தின் வாசலிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைப் பற்றியும், அதற்கு முன்னால் வண்டிக்காரர் கொண்டுவர வேண்டிய காகிதங்களைப் பற்றியும் உங்களோடு கொஞ்சம் விரிவாகப் பேச ஆசைப்படுகிறேன். பிரிட்டனில் நடப்பதையே பெரும்பாலும் சொல்லப் போகிறேன். பழைய வண்டிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூஜிக்காமல், வாரந்தோறும் சேற்றிலும் மழையிலும் ஓட்டுகிற மரபு அங்கேதான் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

அந்த மரபுக்கு ஆதாரமான ஸ்தாபனம், 1934-இல் தோன்றிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப். பெரும் பணக்காரர்களல்லாத சில இளைஞர்கள், புதிய வண்டிகள் மலிவையும் சொகுசையும் நாடிச் சீரழிந்துவிட்டன, உலகப் பொருளாதார மந்தத்துக்கு முன் செய்யப்பட்ட வண்டிகளில்தான் தொழிலாளியின் கை நேர்த்தியும் வடிவமைத்தவரின் நேர்மையும் இருக்கின்றன என்ற உறுதியோடு, 1930-ஆம் ஆண்டின் கடைசி நாளை எல்லையாக வகுத்துக்கொண்டார்கள். அந்தத் தேதிக்கு உட்பட்டதே அவர்களுக்கு 'விண்டேஜ்'. நான்கு வருஷப் பழைய வண்டியைப் பழம்பெருமை வாய்ந்தது என்று கொண்டாடியது அன்று பலருக்கு விநோதமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த எல்லைக்கோடு இன்றளவும் அழியவில்லை என்பதே அவர்கள் கணிப்புக்குச் சாட்சி.

வண்டியை ஏன் ஓட்ட வேண்டும், பத்திரமாக ஒரு காட்சிச்சாலையில் நிறுத்தினால் என்ன என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் முற்றிலும் மாறுபடுகிறேன். உருகிய வெள்ளை உலோகத்தை வார்த்துப் பேரிங் அமைப்பவரும், கம்பிச் சக்கரத்தை ஆரம் ஆரமாகக் கோத்து நேராக்குபவரும், மேக்னெட்டோவின் சுருளைப் புதிதாகச் சுற்றித் தருபவரும் இன்னும் தொழில் நடத்துகிறார்கள் என்றால், அந்த வண்டிகள் ஓடித் தேய்ந்து பழுதாகி அவர்களிடம் வருகின்றன என்பதுதான் காரணம். கிளட்சை இருமுறை மிதித்து, இஞ்சினின் வேகத்தைச் செவியால் அளந்து கியர் மாற்றும் வித்தையை எந்தக் காட்சிச்சாலையும் காப்பாற்றிக் கொடுக்காது. ஓடுகிற வண்டியோடுதான் அதைப் பற்றிய ஞானமும் உயிரோடிருக்கும். ஆனால் ஓடுவது என்று தீர்மானித்த பிறகு இரண்டு கேள்விகள் எழுகின்றன: இந்த வண்டி எது? இது இன்று ஓடத் தகுந்ததா? முன்னதற்குக் காகிதம் விடை சொல்ல வேண்டும். பின்னதற்குப் பரிசோதகரின் கையும் கண்ணும் விடை சொல்ல வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றதற்கும் போதுமென்று எடுத்துக்கொள்வதே இந்தத் துறையில் விளைகிற குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் என்பது என் அபிப்பிராயம்.

காகிதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சர்வதேச மோட்டார் சம்மேளனமாகிய எஃப்.ஐ.ஏ., தன் விளையாட்டுச் சட்டத்துக்கு 'கே' என்று பெயரிட்ட ஓர் அனுபந்தத்தைப் பழைய வண்டிகளுக்கென்றே வைத்திருக்கிறது. அதன்படி 1904 முடிய உள்ள வண்டிகள் 'ஏ' காலம். 1905 முதல் 1918 வரை 'பி'. 1919 முதல் 1930 வரை 'சி'. 1931 முதல் 1946 வரை 'டி'. அதற்குப் பின்னும் எழுத்து வரிசை தொடர்கிறது. சர்வதேசப் பந்தயத்துக்கு வரும் பழைய வண்டி ஒவ்வொன்றும் 'சரித்திரத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்' என்னும் ஆவணத்தோடு வர வேண்டும். அதில் வண்டியின் படங்களும், இஞ்சின் சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஓடும் தூரமும், சக்கரங்களின் இடைவெளியும், கியர்ப் பெட்டி, பிரேக், ஸ்பிரிங், கார்புரேட்டர் ஆகியவற்றின் விவரமும் பதிந்திருக்கும். அதைக் கொடுப்பது அந்தந்த நாட்டு மோட்டார் விளையாட்டுச் சங்கம். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உள்நாட்டுப் பந்தயங்களுக்குக் கிளப்புகள் தங்கள் தங்கள் படிவங்களை வைத்திருக்கின்றன. நான் சொன்ன விண்டேஜ் கிளப்பின் படிவம் மங்கிய மஞ்சள் காகிதத்தில் அச்சானதால், அதன் நிறத்தைக் கொண்டே அங்கத்தினர்கள் அதைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். வேகப் போட்டியில்லாமல் நேரக் கணக்குப்படி ஊர் சுற்றும் ஓட்டங்களுக்கு, 1966-இல் தோன்றிய ஃபீவா என்ற பழைய வாகனச் சம்மேளனத்தின் அடையாள அட்டை உண்டு. அதற்கு வண்டிக்கு முப்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

இந்தப் பாஸ்போர்ட்டின் உயிர் எங்கே இருக்கிறதென்றால், 'அக்கால அமைப்பு' என்ற ஒரு தத்துவத்தில் இருக்கிறது. வண்டி எந்தக் காலத்தைச் சேர்ந்ததென்று உரிமையாளர் சொல்கிறாரோ, அந்தக் காலத்தில் அந்த ரக வண்டி எந்த அமைப்போடு உண்மையில் பந்தயத்தில் ஓடியதோ, அந்த அமைப்பிலேயே இன்றும் இருக்க வேண்டும். இருந்தது என்பதற்குப் பிரமாணம் காட்டுகிற பொறுப்பும் உரிமையாளரையே சார்ந்தது. தொழிற்சாலையின் ஏட்டுப் பதிவு, அக்காலப் பத்திரிகையில் வந்த விவரம், பந்தய நாளில் எடுத்த புகைப்படம் ஆகியவை பிரமாணமாகும். 'அப்போதே இப்படிப் பூட்டியிருக்கக்கூடும்' என்ற யூகத்துக்கு மதிப்பில்லை. பெரிய கார்புரேட்டர் ஒன்றையோ, பிற்காலத்து ஹைட்ராலிக் பிரேக்கையோ பூட்டிவிட்டு அந்த வண்டி வெற்றி பெற்றால், தோற்றவர்களுக்கு இழைக்கிற அநீதியோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த வண்டியைப் பார்த்து வரலாறு எழுதப் போகிறவரையும் அது ஏமாற்றிவிடும்.

ஆனால் எண்பது தொண்ணூறு ஆண்டுகள் ஓடிய ஒரு பந்தய வண்டி எந்த அளவுக்கு அதே வண்டியாக இருக்க முடியும்? இந்தக் கேள்வி தத்துவ விசாரணையாக மட்டும் நில்லாமல், 1990-இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்காகவே வந்தது. அந்த விவகாரத்தைச் சற்று நின்று கேளுங்கள். பழைய வண்டிகளின் காகிதத்தைப் பற்றி நாம் அறிய வேண்டியதில் பாதி அதற்குள் இருக்கிறது.

பெண்ட்லி கம்பெனியின் 'ஸ்பீட் சிக்ஸ்' வண்டிகளுள் 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று புகழ்பெற்ற வண்டி, பிரான்ஸ் தேசத்தில் லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929-இலும் 1930-இலும் அடுத்தடுத்து வென்றது; முதலாண்டு பர்னாட்டோவும் பர்க்கினும், மறு ஆண்டு பர்னாட்டோவும் கிட்ஸ்டனும் ஓட்டினார்கள். பந்தயம் ஒவ்வொன்றுக்கும் பிறகு வண்டியைப் பிரித்து, தேய்ந்ததை எறிந்து, புதியதைப் பூட்டுவது பந்தயத் தொழிலின் சாதாரண நடைமுறை. 1932-இல் அதற்கு எட்டு லிட்டர் இஞ்சினைப் பூட்டி, லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்லாண்ட்ஸ் என்ற இடத்தில், பக்கங்கள் சுவர்போல் உயர்ந்த அந்த சிமெண்டுப் பாதையில் நடந்த 500 மைல் பந்தயத்தில் ஓட்டினார்கள். செப்டம்பர் 24-ஆம் தேதி, வண்டி பாதையின் விளிம்பைத் தாண்டி வெளியே பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ மாண்டார். அதன் பிறகு அது வேறு உடல் பூட்டிய சாலை வண்டியாயிற்று. இப்படிப் பல பிறவி எடுத்த வண்டியை, ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து, ஒரு கோடி பவுன் மதிப்புக்கு விற்பதென்று ஒப்பந்தம் ஆயிற்று. வாங்க ஒப்பியவர்கள், இதில் லெ மானில் ஓடிய இரும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கேட்டுப் பின்வாங்கினார்கள். விற்றவர் நீதிமன்றம் போனார்.

நீதிபதி ஆட்டன், வண்டியின் வரலாற்றை ஆண்டு ஆண்டாக ஆராய்ந்தார். 1929-இல் இருந்த பாகங்களில் மிகச் சிலவே மிஞ்சியிருந்தன என்பது தெளிவாயிற்று. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையிலேயே இருக்கும் வண்டி என்று இதைச் சொல்ல இயலாது. ஆயினும் எந்த ஒரு நாளிலும் அந்த வண்டி அழிந்து, அதன் இடத்தில் வேறொரு வண்டி பிறந்தது என்று காட்ட முடியவில்லை. மாற்றங்கள் யாவும் அந்த ஒரே வண்டிக்கு, வெளிப்படையாக, அதன் வாழ்க்கையின் போக்கிலேயே நேர்ந்தவை. ஆகையால் இது அந்த 'ஓல்ட் நம்பர் ஒன்'னே தவிர வேறில்லை என்பது அவருடைய தீர்ப்பின் சாரம். ஒப்பந்தம் செல்லும் என்றாயிற்று.

நம் நாட்டில் வீடு வாங்குகிறவர் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வைத்துக்கொண்டு, யாரிடமிருந்து யாருக்கு என்று கைமாற்றத்தின் சங்கிலி அறாமல் வருகிறதா என்று பார்க்கிறாரல்லவா? அந்த வீட்டின் கூரையை எத்தனை முறை பிரித்து வேய்ந்தார்கள் என்பது அவருக்கு இரண்டாவது கவலை. நீதிபதி ஆட்டனின் நோக்கும் அதுவே, அது நியாயமான நோக்கு என்றே நான் நினைக்கிறேன். பந்தய வண்டியிடம் பழைய இரும்பை மட்டும் கேட்டால், ஒருநாளும் ஓடாமல் கொட்டகையில் கிடந்த வண்டியே அதிகம் உண்மையானது என்றாகிவிடும். பிரிட்டிஷ் அரசின் பதிவு இலாகா நெடுங்காலம் கையாண்ட கணக்கும் இங்கே நினைக்கத் தக்கது. பெரிதும் மாற்றியமைத்த வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள எட்டுப் புள்ளியாவது பெற வேண்டியிருந்தது. மூலச் சட்டகமாகிய சேஸிஸுக்கு ஐந்து புள்ளி, ஸ்பிரிங், ஆக்ஸில், கியர்ப் பெட்டி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, இஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. இஞ்சின்தானே வண்டியின் இருதயம் என்று எண்ணுகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் இஞ்சின் மாறுவது சகஜம். சட்டகம் மாறினால் வண்டியே மாறியது என்பது பட்டறை அனுபவம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் என்பது வண்டியின் பிறப்புக்கோ பெருமைக்கோ அத்தாட்சி ஆகாது என்று எஃப்.ஐ.ஏ. தன் சட்டத்திலேயே சொல்லியிருக்கிறது. அமைப்பு அக்கால அமைப்புக்கு ஒத்திருக்கிறது என்பதற்கு மேல் அந்த ஆவணம் எதையும் சாதிக்கவில்லை. இன்று புதிதாகச் செய்த நகலும் அமைப்பில் ஒத்திருக்கக்கூடும். வரலாற்றுக்கு வேறு சான்று வேண்டும். அப்படியிருக்க, விற்பனை விளம்பரங்களில் பாஸ்போர்ட் இருப்பதையே வண்டியின் குலச்சான்றாகக் காட்டும் வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். அந்தக் காகிதம் வண்டி பத்திரமாக ஓடும் என்றும் சொல்லவில்லை. ஸ்டியரிங் கையில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால், அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் அதற்கு இடமில்லை.

இனி அந்த விரிசலைத் தேடுகிறவரிடம் வருவோம். பந்தய நாளன்று பரிசோதகர்கள் இருவகை. வண்டி தன் காகிதத்துக்கு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பவர் ஒருவர். ஓடத் தகுந்ததா என்று பார்ப்பவர் மற்றொருவர். இவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வரும் தொண்டர்கள். இங்கிலாந்தில் பிரெஸ்காட் என்ற குன்றின் மீது, 1938 முதல் புகாட்டி உரிமையாளர் கிளப் நடத்திவரும் மலையேற்றப் பாதையில், ஒரு காலை வேளையில் புகாட்டி 35 ரக வண்டியொன்றைப் பரிசோதிப்பதை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். 1924-இல் லியோன் நகரப் பெரும்பந்தயத்தில் முதன்முதல் தோன்றிய ரகம் அது. அலுமினியத்தில் வார்த்த எட்டுத் தட்டை ஆரங்கள் கொண்ட சக்கரம். பிரேக் உருளையும் சக்கரத்தோடேயே சேர்த்து வார்த்தது. முன் ஆக்ஸில் உள்ளே கூடானது. தகட்டு ஸ்பிரிங்குகள் அந்த ஆக்ஸிலின் கண்களுக்குள் புகுந்து செல்லும்.

பரிசோதகர் முதலில் முன்சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரு கைகளால் பற்றி முன்னும் பின்னும் அசைக்கிறார். அசைவு இருந்தால் பேரிங்கோ, சக்கரம் திரும்பும் முளையோ தேய்ந்திருக்கிறது. பிறகு பக்கவாட்டில் பற்றி அசைக்கிறார். இப்போது அசைந்தால் ஸ்டியரிங் மூட்டில் குறை. மூட்டு ஒவ்வொன்றிலும் திருகாணியைக் காக்கும் ஸ்பிளிட் பின் இருக்கிறதா, அதன் இரு கால்களும் மடக்கி விடப்பட்டிருக்கின்றனவா என்று குனிந்து பார்க்கிறார். அரை ரூபாய் பெறாத அந்தக் கம்பித் துண்டு இல்லாவிட்டால், திருகாணி தானே கழன்று ஸ்டியரிங் கை தனியே தொங்கும். பின்பு அலுமினிய ஆரத்தின் அடியில், குடத்தோடு சேருமிடத்தில், விரல் நகத்தால் வருடுகிறார். வார்ப்பு அலுமினியம் களைத்துப் போனால் விரிசல் அங்கேதான் முதலில் தோன்றும். கம்பிச் சக்கரமாயின் ஆரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். தளர்ந்த ஆரத்தின் நாதம் மற்றவற்றோடு ஒவ்வாது.

கண்ணுக்கும் நகத்துக்கும் அகப்படாத விரிசலுக்குப் பட்டறையிலேயே சோதனை உண்டு. எஃகுப் பாகத்தைக் காந்தமாக்கி, இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றினால், விரிசல் இருக்கும் இடத்தில் துகள்கள் கோடாகத் திரளும். அலுமினியத்துக்குக் காந்தம் பற்றாதாகையால், ஊடுருவும் சாயத்தைப் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவுவார்கள்; விரிசலுக்குள் ஒளிந்திருந்த சாயம் கசிந்து சிவப்புக் கோடாக வெளிவரும். இந்தச் சோதனைச் சீட்டைத் தேதியோடு வைத்திருக்கும் உரிமையாளரை நான் மிகவும் மதிக்கிறேன். பாஸ்போர்ட்டைப் போல் அதற்குப் பகட்டு இல்லை. ஆனால் உயிரோடு நேரே சம்பந்தப்பட்ட காகிதம் அது.

பரிசோதகர் அடுத்துப் பார்ப்பது நெருப்பும் எண்ணெயும். ஆக்ஸிலரேட்டரின் இணைப்பு அறுந்தாலும் த்ராட்டில் தானே மூடிக்கொள்ளும்படி ஸ்பிரிங் இருக்கிறதா? இஞ்சினின் மூச்சுக் குழாயிலிருந்து தெறிக்கும் எண்ணெயைப் பிடிக்கும் பாத்திரம் இருக்கிறதா? இரண்டு லிட்டர் வரையுள்ள இஞ்சினுக்கு இரண்டு லிட்டர் பாத்திரமும், அதற்கு மேற்பட்டதற்கு மூன்று லிட்டர் பாத்திரமும் வேண்டும். பழைய இஞ்சின்களில் எண்ணெய் ஒழுகுவது இயல்பு. ஒருவர் சிந்திய எண்ணெயில் பின்னால் வருபவர் வழுக்குகிறார் என்பதால் இது தன் வண்டியோடு முடியும் காரியமல்ல. வெளியிலிருந்து இஞ்சினை நிறுத்தும் விசைக்கு வெள்ளை விளிம்பிட்ட நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் குறியும், தீயணைப்புக் கருவியின் இழுப்பிடிக்கு வெள்ளை வட்டத்துக்குள் சிவப்பு ஆங்கில 'இ' எழுத்தும் அடையாளம். ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும், முன்பின் அந்த வண்டியைக் கண்டிராத தொண்டர் ஓடிவந்து ஒரே பார்வையில் அவற்றைக் கண்டுகொள்ள வேண்டும்.

இங்கே பழைய வண்டிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இன்றைய வண்டியில் பாட்டரியின் தொடர்பைத் துண்டித்தால் பொறி நின்று இஞ்சினும் நின்றுவிடும். மேக்னெட்டோவோ தானே மின்சாரம் உண்டாக்கிக் கொள்வது. பாட்டரியே இல்லாத வண்டியிலும் சுழலும் வரை பொறி தந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்த வேண்டுமானால் அதன் கம்பியைச் சட்டகத்தோடு இணைத்து மின்சாரத்தை மண்ணுக்கு விட வேண்டும். ஆகவே பாட்டரியைத் துண்டிக்கும் விசையை மட்டும் பூட்டிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியதாக நினைப்பவரின் வண்டி, கவிழ்ந்த பின்னும் இரைந்துகொண்டிருக்கும். அதேபோல் பல விண்டேஜ் வண்டிகளில் பெட்ரோல் டாங்குக்குள் கைப்பம்பினால் காற்றழுத்தம் ஏற்றி, அந்த அழுத்தத்தால் பெட்ரோலை இஞ்சினுக்குத் தள்ளுவார்கள். குழாய் உடைந்தால் அழுத்தம் தீரும் வரை பெட்ரோல் பீறிடும். இவற்றையெல்லாம் அறிந்த பரிசோதகர் கிடைப்பது அருமை. புதிய வண்டிகளில் மட்டும் பழகிய ஒருவர், கையில் பட்டியலை வைத்துக்கொண்டு எவ்வளவு சிரத்தையாகப் பார்த்தாலும், பட்டியலில் இல்லாததைக் காண மாட்டார்.

இனி இந்த விஷயத்திலேயே மிகவும் கடினமான இடத்துக்கு வருகிறேன். கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவும், இருக்கையோடு கட்டும் பெல்ட்டும் இன்றைய பந்தய வண்டியில் இன்றியமையாதவை. ஆனால் ஃபார்முலா ஒன் பந்தயத்திலேயே வளைவு கட்டாயமானது 1961-இல்தான், பெல்ட் 1972-இல், ஹெல்மெட் கூட 1952-இல். மோட்டார் சைக்கிள்காரர்கள் மட்டும் முந்திக்கொண்டார்கள்: புரூக்லாண்ட்ஸில் மருத்துவராயிருந்த எரிக் கார்ட்னர் தலைக்காயங்களைக் கண்டு வற்புறுத்தியதன் பேரில், 1914-ஆம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்தில் ஹெல்மெட் கட்டாயமாயிற்று. 1920-களின் ஓட்டுநரோ, வண்டி கவிழ்ந்தால் தூக்கியெறியப்படுவதே பிழைக்கும் வழி என்று நம்பி, இடுப்பளவே உயர்ந்த உடல் கொண்ட வண்டியில் கட்டின்றி உட்கார்ந்தார். அவரருகே எண்ணெயழுத்தத்தையும் பெட்ரோல் பம்பையும் கவனித்துக்கொண்டு ஒரு மெக்கானிக்கும் அமர்ந்திருப்பார். அந்த வழக்கத்தைப் பெரும்பந்தயங்களில் 1925-இல்தான் நிறுத்தினார்கள்.

அந்த வண்டி இன்று ஓடும்போது என்ன செய்வது? பெல்ட்டை மட்டும் போட்டால், கவிழ்ந்த வண்டியின் அடியிலேயே ஓட்டுநரைக் கட்டி வைத்ததாகும். வளைவும் வேண்டுமென்றால் அதை எதில் நிறுத்துவது? விண்டேஜ் சட்டகம் இரண்டு நீண்ட இரும்புத் தண்டவாளங்களும் சில குறுக்குத் துண்டுகளும் கொண்டது. பாதையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப முறுக்கிக்கொள்ளவே அது அமைந்திருக்கிறது. அதில் துளையிட்டு, விறைப்பான வளைவைப் பொருத்தினால் முறுக்கம் ஓரிடத்தில் குவிந்து அங்கேயே சட்டகம் பிளக்கக்கூடும். ஆகவே இந்த வயது வண்டிகளுக்கு வளைவையும் பெல்ட்டையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தலையையும் கழுத்தையும் பிணைக்கும் நவீனக் கருவி பெல்ட்டை நம்பியிருப்பதால் அதற்கும் இங்கே வேலையில்லை. ஆனால் அங்கீகார முத்திரையுள்ள ஹெல்மெட்டும் தீப்பற்றாத உடையும் வண்டியின் வயதைப் பொறுத்தவையல்ல. அவற்றில் சலுகை இல்லை. வண்டியின் உடம்பைத் தொடாமல் மனிதனின் உடம்புக்குச் செய்யக்கூடியதையெல்லாம் செய், வண்டியின் உடம்பில் செய்வதை அது தாங்குமா என்று ஆராய்ந்து செய் என்பதே இதிலுள்ள நியாயம்.

இந்தச் சலுகையைக் கண்டிப்பவர்கள் உண்டு. 1926-ஆம் வருஷத்து வண்டியாயினும் மோதுகிற மண்டையோடு இன்றையதுதானே என்று அவர்கள் கேட்பதில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். என் பதில் இது: அபாயத்தைக் குறைக்க வளைவு ஒன்றே வழியல்ல. பழைய வண்டி வேகமாகப் போவதற்கு இன்று முக்கிய காரணம் டயர். அகலமும் உயரமும் பழைய அளவிலேயே இருந்தாலும், இன்றைய ரப்பர் அன்றையதைவிட எவ்வளவோ இறுகப் பிடிக்கும். அந்தப் பிடிப்பால் பாதை திரும்பும் இடங்களில் அதிக வேகம் கிடைக்கும். அந்த வேகத்தின் பாரமெல்லாம் அன்றைய ரப்பரை உத்தேசித்துச் செய்த ஆரத்தின் மீதும், ஆக்ஸில் முனையின் மீதும், ஸ்டியரிங் கையின் மீதும் விழும். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய வண்டி வழுக்காமல் பிடித்து நின்று கவிழ்வதும் அதனால்தான். ஆகவே எந்தக் கால வண்டிக்கு எந்த ரக டயர் என்று சட்டம் வகுத்திருப்பதை அலங்காரத்துக்கான விதி என்று எண்ணக்கூடாது. வளைவு பூட்ட முடியாத வண்டிக்கு அதுவே முதற்காப்பு. நல்ல டயருக்கு ஆசைப்பட்டு இந்த விதியை மீறுகிறவர், போட்டியில் ஏமாற்றுவதோடு, வார்ப்பு அலுமினியத்திடம் அது ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத வேலையை வாங்குகிறார்.

ஓட்டுநருக்குரிய காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போட்டி லைசென்ஸ், கிளப்பின் அங்கத்தினர் சீட்டு, தேவையான இடத்தில் வைத்தியச் சான்று, அபாயத்தை அறிந்தே வருகிறேன் என்று காலையில் போடும் கையெழுத்து ஆகியவை எல்லாப் பந்தயத்துக்கும் பொது.

விசித்திரம் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். பிரிட்டனில் 2018 மே 20-ஆம் தேதி முதல், நாற்பது வயது கடந்து, பெரிதும் மாற்றியமைக்கப்படாத வண்டிக்கு வருஷாந்தரப் பரிசோதனை வேண்டியதில்லை என்று அரசாங்கம் விலக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வண்டிகள் கொஞ்சமே ஓடுகின்றன, உரிமையாளர்கள் கண்ணெனக் காக்கிறார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். அதே வண்டி ஒரு குன்றுப் பாதையில் ஒரு நிமிஷம் ஓடுவதற்கு வந்தால், நான் இதுவரை சொன்ன பரிசோதனையெல்லாம் உண்டு. அரசாங்கம் தளர்த்திய இடத்தில் கிளப் தானே இறுக்கிக்கொண்டு நிற்பதை நான் பெரிதும் போற்றுகிறேன்.

நம் நாட்டின் நிலையையும் ஒரு சொல் சொல்லி நிறுத்துகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு செய்த திருத்தத்தின்படி, முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றமில்லாமல் இருக்கும் இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' ஆகும். 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண்; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000; பதிவு பத்து ஆண்டு செல்லும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது; காட்சிக்கும் ஆராய்ச்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். வேகப் போட்டியை மனத்தில் கொண்டு செய்த சட்டம் அல்ல இது. வண்டி எதுவென்று கேட்கும் முதற் கேள்விக்கு அரசாங்கம் ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. இரண்டாம் கேள்விக்குரிய ஆட்களை நாமே தயார் செய்ய வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் யந்திரத் தொழில் மாணவர்களிடம் நான் கேட்பது அதைத்தான். மேக்னெட்டோவைப் பிரித்துப் பாருங்கள். காந்தச் சோதனையையும் சாயச் சோதனையையும் கையால் செய்து பழகுங்கள்.

பெரியோர்களிடம் வேறொரு வேண்டுகோள். 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போரின் விமானதளமாகிய சோழவரத்தில், இங்கிலாந்தார் சில்வர்ஸ்டோன் விமானதளத்தில் செய்தது போலவே, பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. அப்போது பார்வையாளராகப் போயிருந்த உங்களிடமோ, உங்கள் தகப்பனாரிடமோ ஒரு பெட்டிக் காமிரா இருந்திருக்கலாம். அந்தப் படங்களில் மங்கலாகத் தெரியும் ஒரு வண்டியின் பதிவெண்ணும், பானெட்டின் வாரும், சக்கரத்தின் ஆரமும், அக்கால அமைப்பு என்ன என்று கேட்கிற சபையில் நிற்கத்தக்க பிரமாணங்கள். தயவுசெய்து அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்புறத்தில் ஊரையும் தேதியையும் தெரிந்த மட்டும் பென்சிலால் எழுதி வையுங்கள்.